முற்றத்துத் தொழில்: தேனீ ஏன் பெட்டியை விட்டுப் போகிறது?



கடந்த இதழ்களில் தேனீப் பெட்டியை எங்கே வைப்பது, தேனீக் குடும்பம் ஒன்றை எவ்வாறு பெட்டிக்குள் குடியேற்றுவது என்பவற்றைப் பார்த்தோம். அதன் பின்னர் கடிதம் மூலமாகவும் நேரிலும் சகோதரிகள் கேட்ட கேள்விகளில் அரைவாசிக்கு மேல் ஒரே விடயத்தைப் பற்றியவை. “பெட்டி இருக்கிறது, தேனீ போய்விட்டது, என்ன செய்வது?” என்பதே அந்தக் கேள்வி. ஆகவே தேனீ வளர்ப்பில் வழமையாக வரும் பிரச்சினைகளையும் அவற்றைத் தீர்க்கும் வழிகளையும் இம்மாதம் பார்ப்போம்.

அதற்கு முன்னர் ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டுப் பெட்டியிலிருந்து தேனீ போய்விட்டால் அயலில் உடனே ஒரு கதை கிளம்பிவிடுகிறது. “அவளுக்குக் கைராசி இல்லை” என்பார்கள். “புருஷனைப் பறிகொடுத்தவள் தொட்டால் தேனீ தங்குமா?” என்பார்கள். “துடக்கோடு பெட்டியைத் திறந்திருப்பாள்” என்பார்கள். கணவரை இழந்தவர்களும், கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்களும், தனித்து நின்று குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர்களுமே இந்தக் கதையை அதிகம் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டுக் கேட்டு மனம் சோர்ந்து, பெட்டியைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் தூக்கிப் போட்டுவிட்டு, “எனக்கு இது சரிவராது” என்று ஒதுங்கியவர்களும் இருக்கிறார்கள்.

சகோதரிகளே, தேனீக்குக் கைராசி தெரியாது. யார் கணவரோடு இருக்கிறார், யார் இல்லை என்பதும் அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தவை பசி, வெக்கை, எறும்பு, புகை, மணம், அதிர்வு ஆகியவைதான். தேனீ போவதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தால் அடுத்த குடும்பத்தைக் காப்பாற்றலாம். இம்மாதக் கட்டுரையின் நோக்கம் அதுவே.

வெறும் பெட்டி சொல்லும் செய்தி

நாம் பெட்டியில் வளர்ப்பது மரப்பொந்திலும் புற்றிலும் சுவர் இடுக்கிலும் பல வதைகளை வரிசையாகக் கட்டும் நாட்டுத் தேனீ. இடம் பிடிக்காவிட்டால் குடும்பத்தோடு வேறிடம் போவது அதன் இயல்பு. மரக்கிளையிலோ பாறையிலோ ஒற்றை வதையாகத் தொங்கும் பெரிய தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியாது. அதனருகில் போவதும் ஆபத்து.

தேனீ போய்விட்டது என்று கண்டதும் பெட்டியைக் கழுவி வைத்துவிடாதீர்கள். முதலில் உள்ளே இருக்கும் வதைகளை எடுத்துப் பாருங்கள்.

வதையில் தேனும் இல்லை, முட்டை புழுவும் இல்லை, எல்லாம் காய்ந்து வெறுமையாக இருக்கிறது என்றால், தேனீக்கள் பல நாட்களாகவே போவதற்கு ஆயத்தம் செய்திருக்கின்றன. இராணி முட்டையிடுவதைக் குறைத்திருக்கும். இருந்த குஞ்சுகள் பொரித்து வெளிவரும் வரை காத்திருந்து, மிச்சத் தேனையும் குடித்துவிட்டுப் போயிருக்கும். இதற்குப் பெரும்பாலும் பசியே காரணம்.

மாறாக, வதையில் தேனும் புழுக்களும் இருக்கும்போதே தேனீக்கள் போயிருந்தால், திடீரென்று தாங்க முடியாத தொல்லை ஏதோ வந்திருக்கிறது. எறும்பு ஏறியிருக்கலாம், குளவி தாக்கியிருக்கலாம், நேர் வெயில் பட்டிருக்கலாம், பெட்டி தட்டுப்பட்டுச் சரிந்திருக்கலாம், அளவுக்கு மீறிப் புகை போட்டிருக்கலாம். வதையில் நூல் வலை போலப் பின்னியிருந்தால் மெழுகுப் பூச்சி இருந்திருக்கிறது.

திட்டமிட்டுச் சாமான் கட்டி வெளிக்கிடுவதும், அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு ஓடுவதும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். தேனீயின் இடப்பெயர்விலும் இந்த இரண்டு வகையும் உண்டு.

பெட்டியில் அரைவாசித் தேனீ மிஞ்சி, அரைவாசி போயிருந்தால் பயப்பட வேண்டாம். அது குடும்பம் பெருகிப் பிரிந்து போனது. அதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

பசி

வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. மழை விடாது பெய்யும் நாட்களில் தேனீ வெளியே போக முடியாது. போனாலும் பூவில் தேன் இருக்காது. அதேபோல ஆடி, ஆவணியில் கடும் வரட்சி. இந்த இரண்டு காலத்திலும்தான் பெட்டிகள் அதிகமாக வெறுமையாகின்றன.

முதலாவது வழி, தேன் எடுக்கும்போது எல்லாவற்றையும் எடுக்காமல் விடுவது. மேலறையில் இருக்கும் தேன் நமக்கு, கீழறையில் குஞ்சுகளைச் சுற்றி இருக்கும் தேன் தேனீக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழறைத் தேனில் கை வைத்தால் அன்று ஒரு போத்தல் கூடக் கிடைக்கும், அடுத்த மாதம் குடும்பமே இருக்காது.

இரண்டாவது வழி சீனிப்பாகு. கொதித்து ஆறிய நீர் ஒரு கோப்பை, வெள்ளைச் சீனி ஒரு கோப்பை சேர்த்து நன்றாகக் கரைக்கவும். ஒரு குடும்பத்துக்கு வாரம் 200 கிராம் சீனி அளவில் கொடுத்தால் பஞ்ச காலத்தைக் கடத்தலாம். சிரட்டையிலோ சிறிய கிண்ணத்திலோ ஊற்றி, தேனீ மூழ்காமல் இருக்க நாலைந்து ஈர்க்குத் துண்டுகளை மிதக்கவிட்டு, பெட்டிக்கு உள்ளே வைக்க வேண்டும். சர்க்கரை, கருப்பட்டி, கருகிய சீனி என்பவை வேண்டாம். அவை தேனீயின் வயிற்றுக்கு ஒத்துவராது.

பாகு வைப்பது எப்போதும் பொழுதுபட்ட பிறகே. பகலில் வைத்தாலோ, வெளியில் சிந்தினாலோ அயல் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். வாசலில் தேனீக்கள் ஒன்றையொன்று கட்டிப் புரண்டு சண்டையிட்டால் கொள்ளை நடக்கிறது என்று அறியலாம். உடனே வாசலை ஒரு தேனீ நுழையும் அளவுக்குச் சிறிதாக்கி, சிந்திய பாகைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

நீண்ட காலத்துக்கு உதவுவது மரம். முருங்கை, தென்னை, வேம்பு, புளி, நாவல், இலுப்பை, பாலை என்பவை தேனீக்கு உணவளிக்கும் மரங்கள். வேலியில் சீமைக்கிளுவையும் வளவில் முருங்கையும் நட்டால் வீட்டுக்கும் ஆட்டுக்கும் தேனீக்கும் உதவும்.

வெக்கையும் தண்ணீரும்

காலை வெயில் படலாம். மத்தியான வெயில் பெட்டியில் நேராகப் படக்கூடாது. வெக்கை கூடினால் மெழுகு இளகி வதை அறுந்து விழும். மரநிழல் இல்லாத புதிய குடியிருப்புகளில் நான்கு தடி நட்டுக் கிடுகு வேய்ந்த சிறு பந்தல் போதும். தகரத்தை நேரே பெட்டிமேல் வைக்க வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் தகரத்துக்கும் பெட்டிக்கும் இடையே கிடுகு போடுங்கள்.

கிணற்றடிக்கு அப்பால் ஓர் அகன்ற சட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தால் தேனீ அதில் வந்து குடிக்கும். அந்தத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

பெட்டியை நிழலுக்கு மாற்ற விரும்பினால் ஒரே நாளில் முற்றத்தின் மறுகரைக்குக் கொண்டு போகாதீர்கள். வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து அலைந்து சாகும். நாளுக்கு ஓரிரு அடியாக நகர்த்துங்கள். தூர இடத்துக்குக் கொண்டுபோவதானால் இரவில் வாசலை அடைத்து, மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் வையுங்கள்.

எறும்பு

பெட்டி வைக்கும் தாங்கியின் நான்கு கால்களையும் பழைய பால்மா ரின்களில் நிறுத்தி நீர் ஊற்றுவது எல்லாருக்கும் தெரிந்த முறை. ஆனால் அந்த நீரில் நுளம்பு பெருகும். டெங்கு பரவும் நமது மாவட்டங்களில் அது வீட்டுப் பிள்ளைகளுக்கே ஆபத்தாக முடியும். எனவே ரின்னில் நீருக்குப் பதிலாகக் கழிவு ஒயில் ஊற்றுங்கள். அல்லது தாங்கியின் கால்களில் கழிவு ஒயிலில் நனைத்த துணியை இறுகச் சுற்றி, வாரம் ஒரு முறை மீண்டும் நனைத்துவிடுங்கள். ஒயில் மண்ணிலும் கிணற்றடியிலும் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தும் எறும்பு ஏறுகிறதா? சுற்றிப் பாருங்கள். ஒரு புல் நுனியோ, கொடியோ, தொங்கும் கிளையோ பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும். எறும்புக்கு அதுவே பாலம். பெட்டியைச் சுற்றி மூன்று அடிக்குப் புல் செதுக்கி வையுங்கள். எறும்பு மருந்துத் தூள் போட வேண்டாம். எறும்பைக் கொல்லும் மருந்து தேனீயையும் கொல்லும்.

மெழுகுப் பூச்சி

இது சாம்பல் நிறமான ஓர் அந்துப் பூச்சி. இரவில் பெட்டிக்குள் நுழைந்து இடுக்குகளில் முட்டையிடும். அதன் புழு வதைக்குள் சுரங்கம் போலத் துளைத்து, நூல் வலை பின்னி, கறுப்புத் தூளாக எச்சமிடும். பலமான குடும்பம் இந்தப் புழுவைத் தானே இழுத்து வெளியே போட்டுவிடும். தேனீ குறைந்து, அவை மூடிக் காக்க முடியாத வதைகள் கிடக்கும் பெட்டியிலேயே பூச்சி வெல்லும்.

எனவே தேனீ மூடியிராத வதைகளைப் பெட்டியில் விட்டு வைக்காதீர்கள். கறுத்துப் பழசான வதைகளை எடுத்துவிடுங்கள். வாரம் ஒரு முறை அடிப்பலகையைச் சுரண்டித் துடையுங்கள். அதில் விழும் மெழுகுத் தூளில்தான் பூச்சி முதலில் வளர்கிறது. பெட்டியின் வெடிப்புகளைத் தேன்மெழுகாலோ களிமண்ணாலோ அடையுங்கள். எடுத்த பழைய வதையை மூலையில் போட்டு வைத்தால் அங்கேயே பூச்சி பெருகும். அன்றே உருக்கி மெழுகாக்கி வையுங்கள், அதற்கும் விலை உண்டு. பூச்சி உருண்டை, நுளம்பு மருந்து போன்றவற்றைப் பெட்டிக்குள் போடவே கூடாது.

இராணி இல்லாத குடும்பம்

ஒரு குடும்பத்துக்கு ஓர் இராணிதான். முட்டையிடுவது அதன் வேலை. வேலைக்காரத் தேனீ உழைப்புக் காலத்தில் ஏறத்தாழ ஆறு வாரமே உயிர் வாழும். இராணி இறந்துவிட்டால் புதிய தேனீ பிறக்காது, இரண்டு மாதத்துக்குள் பெட்டி வெறுமையாகிவிடும்.

இராணியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வதையின் கண்களுக்குள் பாருங்கள். ஒவ்வொரு கண்ணின் அடியிலும் அரிசிக் குறுநெல்லிலும் மெல்லியதாக ஒவ்வொரு முட்டை நின்றால் இராணி இருக்கிறது. முட்டை மூன்று நாளில் பொரித்துவிடும். ஆகவே முட்டையைக் கண்டால் கடந்த மூன்று நாளுக்குள் இராணி அங்கே இருந்திருக்கிறது என்று பொருள்.

முட்டையே இல்லாவிட்டால் இன்னொரு பெட்டியிலிருந்து, முட்டையும் மிக இளம் புழுக்களும் உள்ள வதை ஒன்றைச் சட்டத்தோடு எடுத்து, தேனீக்களை மெதுவாகத் தூரிகையால் நீக்கிவிட்டு இதற்குள் வையுங்கள். நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால், இராணி இல்லாத குடும்பம் அந்த வதையில் நிலக்கடலைக் கோது போலத் தொங்கும் இராணிக் கூடுகளைக் கட்டத் தொடங்கியிருக்கும். அதன் பின் பெட்டியைக் குழப்பாதீர்கள். புதிய இராணி வெளிவந்து, பறந்து இணைந்து, முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும்.

ஒரே கண்ணில் இரண்டு மூன்று முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால் நிலைமை முற்றிவிட்டது. வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன. அவற்றிலிருந்து ஆண் தேனீ மட்டுமே வரும். அப்படியான குடும்பத்தைப் பலமான இன்னொரு குடும்பத்தோடு சேர்ப்பதே நல்லது. பொழுதுபட்ட பின், இராணி உள்ள பெட்டியின் கீழறைக்கு மேலே ஊசியால் குத்திய ஒரு தாள் பத்திரிகையைப் பரப்பி, அதன் மேல் இராணி இல்லாத பெட்டியின் அறையை அடித்தட்டு இல்லாமல் வையுங்கள். தேனீக்கள் தாளைக் கடித்துத் துளைப்பதற்குள் இரு பக்கத்து மணமும் ஒன்றாகிவிடும். சண்டை வராது.

இதனால்தான் ஒற்றைப் பெட்டியோடு இருக்க வேண்டாம் என்று சொல்கிறோம். ஒன்றுக்கு ஆபத்து வந்தால் மற்றதிலிருந்து முட்டை வதை கொடுத்துக் காப்பாற்றலாம். இரண்டு பெட்டிக்கு வசதி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுச் சகோதரியோடு சேர்ந்துகொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்றாக இரண்டு பெட்டி இருந்தாலே போதும். அதற்காக நுண்கடன் எடுத்து ஒரேயடியாகப் பத்துப் பெட்டி வாங்கிவிடாதீர்கள். கடன் தவணை வாரம் தவறாமல் வரும், தேன் பூக்காலத்தில் மட்டுமே வரும்.

பெருகிப் பிரிதல்

மழை விட்டுத் தை, மாசியில் பூப்பிடிக்கத் தொடங்கியதும் குடும்பம் பெருகும். இடம் போதாவிட்டால் பழைய இராணி பாதித் தேனீக்களுடன் வெளியேறும். வதையின் கீழ் விளிம்பில் இராணிக் கூடுகள் தொங்குவது அதற்கு முன் அறிகுறி.

இது இழப்பாக முடிய வேண்டியதில்லை. இராணிக் கூடு தொங்கும் வதையோடு இன்னும் இரண்டு மூன்று வதைகளையும் அவற்றில் உள்ள தேனீக்களையும் எடுத்து வேறு பெட்டியில் வைத்தால் இரண்டாவது குடும்பம் கிடைத்துவிடும். பழைய இராணி பழைய பெட்டியிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பெட்டியில் நல்ல இராணிக் கூடு ஒன்றை விட்டு மற்றவற்றை நீக்கிவிடலாம்.

பிரிந்து போன கூட்டம் முதலில் அருகில் உள்ள கிளையொன்றில் திரளும். அதை நமது வளவிலோ அயல் வளவிலோ பிடித்துப் பெட்டியில் விடலாம். ஆனால் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு பற்றைக்குள்ளோ காட்டுக்குள்ளோ போகாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். மண்டையோட்டுச் சின்னம் போட்ட சிவப்புப் பலகை உள்ள இடத்துக்கும், மிதிவெடி அகற்றிய இடம் என்று உறுதியாகத் தெரியாத இடத்துக்கும் ஒரு தேனீக் கூட்டத்துக்காகக் கால் வைக்க வேண்டாம். புற்றை வெட்டும்போதும் இதையே நினைவில் வையுங்கள்.

புதிதாகக் குடியேற்றிய கூட்டத்தை மாலையில் பெட்டியில் விட்டு, முதல் வாரம் வாசலில் இராணித் தடுப்பு வைத்தால் நல்லது. வேலைக்காரத் தேனீ அதனூடாகப் போய்வரும், இராணி வெளியேற முடியாது. வதை கட்டி முட்டை வைத்துவிட்டால் குடும்பம் பெரும்பாலும் தங்கிவிடும். தடுப்பை மறக்காமல் எடுத்துவிடுங்கள். அந்த நாட்களில் அடிக்கடி திறந்து பார்க்கவும் கூடாது.

பூச்சிமருந்து

வாசலின் முன் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தேனீக்கள் நாக்கை நீட்டியபடி செத்துக் கிடந்தால் அயலில் எங்கோ மருந்து அடித்திருக்கிறார்கள். வயல், வெங்காயம், மிளகாய், பயறு செய்யும் அயலவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். “காலையில் பூவில் தேனீ நிற்கும் நேரம் அடிக்காமல் பின்னேரம் அடியுங்கள், முதல் நாள் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள்” என்று கேட்பதில் தவறில்லை. தேனீ வந்தால் அவருடைய கத்தரி, பூசணி, எள்ளிலும் காய்ப்பிடிப்புக் கூடும் என்பதையும் சொல்லுங்கள்.

மருந்து அடிக்கும் நாளுக்கு முதல் இரவு வாசலைக் காற்றுப் போகும் வலையால் அடைத்து, பெட்டிமேல் ஈரச் சாக்கைப் போட்டு, உள்ளே சிறிது பாகு வைத்து ஒரு நாள் அடைத்து வைக்கலாம். அதற்கு மேல் அடைத்தால் வெக்கையில் தேனீ இறக்கும்.

நோய்

புழுக்கள் கண்ணுக்குள் நிமிர்ந்தபடி இறந்து, எடுத்துப் பார்த்தால் நீர் நிறைந்த பை போல வந்தால் அது பைப்புழு நோயாக இருக்கலாம். இந்த வைரசு நோயின் ஒரு வகை தாய்லாந்தில் முதலில் இனங்காணப்பட்டு, 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் குடும்பங்களைப் பெருமளவில் அழித்தது. இதற்கு மருந்து இல்லை. யாராவது மருந்து விற்றால் வாங்காதீர்கள். நோய் கண்ட பெட்டியிலிருந்து வதையோ தேனோ வேறு பெட்டிக்குக் கொடுக்க வேண்டாம். கையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு பண்டாரவளையில் இயங்குகிறது.

கொட்டு

நாட்டுத் தேனீ சாதுவானது. ஆனாலும் கறுப்பு உடையும் அவிழ்த்த கூந்தலும் அதற்குப் பிடிக்காது. தேனீயின் எதிரிகளான மிருகங்கள் கறுத்து மயிரடர்ந்தவை என்பதால் அப்படியானவற்றைத்தான் அது தாக்கும். தலைமுடியைக் கட்டி, வெளிர் நிற உடை உடுத்து, பழைய நுளம்பு வலையைத் தொப்பியின் மேல் போட்டு முகத்தை மூடுங்கள். வெள்ளை உடுத்தவள் நல்ல காரியத்துக்கு முன்னால் வரக்கூடாது என்று சொல்லும் ஊரில், தேனீக்கு அந்த வெள்ளையே பயமில்லாத நிறம் என்பதையும் கவனியுங்கள். மாதவிலக்கு நாளில் பெட்டியைத் திறக்கவும் தடையில்லை. தவிர்க்க வேண்டியது வாசனைப் பவுடர், மணக்கும் தலையெண்ணெய், மீன் வெட்டிய கை போன்ற கடும் மணங்களையே.

பொச்சுத் தும்பைப் புகைத்து, வாசலில் இரண்டு மூன்று முறை மெதுவாக ஊதினால் போதும். பெட்டிக்கு ஒரு பக்கமாக நில்லுங்கள், வாசலுக்கு நேரே நிற்காதீர்கள். ஆடு மாடு அருகில் கட்ட வேண்டாம்.

கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். கொட்டிய இடம் மட்டும் வீங்குவது சாதாரணம். முகம், உதடு வீங்கினாலோ, உடம்பெங்கும் தடித்தாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுற்றினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஒரு முறை இவ்வாறு வந்தவர் மீண்டும் தேனீயின் அருகே போகக்கூடாது.

தேன் புளித்தல்

வதையின் கண்களில் நான்கில் மூன்று பங்கு மெழுகால் மூடப்பட்ட பின்பே தேன் எடுக்க வேண்டும். மூடாத தேனில் நீர் அதிகம். நீர் 20 வீதத்துக்கு மேல் இருந்தால் தேன் நுரைத்துப் புளிக்கும், போத்தலின் மூடியும் தெறிக்கும். மழை நாளில் எடுக்காதீர்கள். வதையைக் கையால் பிழிந்தால் புழுவும் மகரந்தமும் கலந்து விரைவில் கெடும். சங்கத்துக்கு ஒரு தேன் சுற்றும் இயந்திரம் இருந்தால் மாறி மாறிப் பயன்படுத்தலாம். போத்தலைக் கழுவி வெயிலில் நன்கு காயவிடுங்கள், ஒரு துளி நீரும் இருக்கக்கூடாது.

தேன் சீனி போல உறைந்தால் கலப்படம் என்று வாங்குபவர்கள் சொல்வார்கள். நல்ல தேனும் உறையும். போத்தலை இளஞ்சூட்டு நீரில் வைத்தால் இளகிவிடும், அடுப்பில் நேரே வைக்க வேண்டாம். விலை பேசும்போது ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். ஒரு லீற்றர் தேன் ஏறத்தாழ 1.4 கிலோகிராம் நிறை. 750 மில்லிலீற்றர் போத்தலில் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகவே தேன் இருக்கிறது. போத்தல் கணக்கில் வாங்கிக் கிலோக் கணக்கில் விற்பவரிடம் ஏமாறாதீர்கள்.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்க வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சிளம் வயிற்றில் நஞ்சாக மாறலாம்.

வாரம் பத்து நிமிடம்

மேலே சொன்ன பிரச்சினைகளில் பெரும்பாலானவற்றை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். வாரத்தில் ஒரு நாளைத் தெரிவு செய்து, வெயில் ஏறிய காலை வேளையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பார்க்க வேண்டியவை இவைதான்:

முட்டை இருக்கிறதா?
குஞ்சுகளைச் சுற்றித் தேன் இருக்கிறதா?
அடிப்பலகையில் தூளோ வலையோ இருக்கிறதா?
எறும்பு ஏற வழி இருக்கிறதா?
வதையின் அடியில் இராணிக் கூடு தொங்குகிறதா?
வாசலில் தேனீக்கள் மகரந்தம் சுமந்து வருகின்றனவா?

பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் திகதி போட்டு, கண்டதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். எழுத வசதிப்படாதவர்கள் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். மீண்டும் ஒரு நாள் தேனீ போய்விட்டாலும் அந்தக் கொப்பியைப் புரட்டினால் காரணம் தெரியும். “ஐப்பசி இரண்டாம் கிழமை தேன் இல்லை, பாகு வைக்கவில்லை” என்று அதில் இருக்கும். அதைத் திருத்திக்கொள்ளலாம். ராசி என்று ஒன்றை நம்பினால் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்தக் கொப்பிகளை ஒன்றாக வைத்துப் பேசுங்கள். யாருடைய பெட்டி எந்த மாதம் வெறுமையானது என்று ஒப்பிட்டால், கணவரோடு இருப்பவரின் பெட்டியும் தனித்திருப்பவரின் பெட்டியும் ஒரே மழைக்கும் ஒரே பசிக்கும்தான் வெறுமையாகின்றன என்பதை எல்லாருமே கண்ணால் காண்பார்கள். அதன் பிறகும் ஒரு சகோதரியைப் பார்த்துக் கைராசி பற்றி யாராவது பேசினால், அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்தச் சகோதரி மட்டுமல்ல, சங்கத்தில் உள்ள நாம் எல்லாரும்தான்.

கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் பெட்டியை எடுத்துக் கழுவிக் காயவையுங்கள். உள்ளே சிறிது தேன்மெழுகைத் தேய்த்து, நிழலான இடத்தில் தாங்கியின் மேல் வையுங்கள். தை பிறந்ததும் கூட்டங்கள் பிரிந்து இடம் தேடும்.

அடுத்த இதழில் பழைய வதையிலிருந்து மெழுகு உருக்கி எடுப்பதையும் அதை விற்பதையும் பற்றிப் பார்ப்போம். உங்கள் கேள்விகளை வழமைபோல எழுதி அனுப்புங்கள்.